வாகன நிறுத்துமிடத்தை நிறைக்கும் கறுப்புப் பறவைகள்: கிராக்கிள் பற்றி அறிந்தவர்கள் சொல்லுங்கள்

மீனலோசனி (ஆஸ்டின், டெக்சஸ்), ஏப்ரல் 9

அனைவருக்கும் வணக்கம். டெக்சஸுக்கு வந்தபின் நான் பார்க்கும் முதல் வசந்தம் இது. மாலையில் மளிகைக் கடையின் வாகன நிறுத்துமிடத்தில் இறங்கினால், பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காத அளவுக்குக் கறுப்புப் பறவைகளின் இரைச்சல். மின்கம்பி, ஓக் மரம், கடையின் பெயர்ப்பலகை என்று ஓர் இடம் விடாமல் அமர்ந்திருக்கின்றன. கிராக்கிள் என்று பெயர் சொன்னார்கள். அதற்குமேல் அதைப் பற்றி யாரும் நல்லதாக ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

எங்கள் குடியிருப்பின் முற்றத்து ஓக் மரத்திலும் இவை கூடு கட்டத் தொடங்கியிருக்கின்றன. ஆள் வைத்துக் கூடுகளைக் கலைத்துவிடலாம் என்று குடியிருப்போர் குழுவில் பேச்சு எழுந்திருக்கிறது. அதற்கு முன் இந்தப் பறவையை அறிந்துகொள்ள விரும்புகிறேன். இது காக்கை இனமா, மைனா இனமா? கறுப்புப் பறவைகளோடு சிறிய பழுப்புப் பறவை ஒன்றும் திரிகிறதே, அது வேறு இனமா? இவை என்ன தின்னும்? கூட்டில் எத்தனை நாள் இருக்கும்?

கரிசல்வாசி (சான் அன்டோனியோ, டெக்சஸ்), ஏப்ரல் 9

வணக்கம் சகோதரி. காக்கையும் இல்லை, மைனாவும் இல்லை. இக்டெரிடே என்ற அமெரிக்கக் கண்டங்களுக்கே உரிய குடும்பம் இது. சிவப்புத் தோள் கொண்ட பிளாக்பேர்டும், மஞ்சள் மார்புடைய மெடோலார்க்கும், இங்கே ஓரியோல் என்று அழைக்கப்படும் ஆரஞ்சு நிறப் பறவைகளும் இதன் உறவினர்கள். நம் ஊரில் இந்தக் குடும்பத்தில் ஒரு பறவைகூட இல்லை. அதனால்தான் ஊரிலிருந்து வருகிறவர்கள் இதைக் குயில் என்பார்கள், கரிச்சான் என்பார்கள், மெலிந்த காக்கை என்பார்கள்.

ஆஸ்டினில் நீங்கள் பார்ப்பது பெருவால் கிராக்கிள், அறிவியல் பெயர் குவிஸ்காலஸ் மெக்சிகானஸ். ஆண் 38 முதல் 46 செ.மீ. நீளம் இருக்கும். அந்த நீளத்தில் ஏறக்குறைய பாதி வால்தான். வாலின் நடு இறகுகள் கீழே தாழ்ந்து, ஓர இறகுகள் மேலே எழுந்து நிற்கும். பறக்கும்போது இந்த வாலை வைத்தே வெகுதொலைவிலிருந்து அடையாளம் சொல்லிவிடலாம்.

அதன் நிறத்தைக் காலை வெயிலில் பாருங்கள். நிழலில் வெறும் கறுப்பு. வெயில் பட்டதும் தலையிலும் முதுகிலும் ஊதாவும் நீலமும் ஓடும். இறகில் அந்தச் சாயம் கிடையாது. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும் விதத்தால் தோன்றும் நிறம் அது. கோணம் மாறினால் நிறமும் மாறும். நடுவே பளிச்சென்று மஞ்சள் கண். இவ்வளவு அழகுள்ள ஒரு பறவை வண்டிகளுக்கு நடுவே நடந்து திரிகிறது, ஒருவரும் நின்று பார்ப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நீங்கள் சொன்ன பழுப்புப் பறவை இதே இனத்தின் பெண். எடையில் ஆணின் பாதியை விடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். மேலே கரும்பழுப்பு, தொண்டையும் மார்பும் வெளிர் பழுப்பு, கண்ணுக்கு மேல் வெளிர் கோடு. வேறு இனம் என்றே பலரும் நினைக்கிறார்கள். கூட்டை ஆராய்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இவளைத்தான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தேவிகா (நியூ ஜெர்சி), ஏப்ரல் 10

எங்கள் பக்கம் வருவது சாதாரண கிராக்கிள், குவிஸ்காலஸ் குவிஸ்குலா. உங்கள் ஊர்ப் பறவையைவிடச் சிறியது, 28 முதல் 34 செ.மீ. வாலும் அவ்வளவு நீளமில்லை. ஆனால் பளபளப்பில் குறைவில்லை. தலை நீலம், உடல் வெண்கலம் என்று இரண்டும் கோடு கிழித்ததுபோல் பிரிந்து நிற்கும் வகை ஒன்று உண்டு. நியூ இங்கிலாந்திலும் அப்பலாச்சிய மலைகளுக்கு மேற்கிலும் அதுதான். தென்கிழக்கில் உடல் ஊதாவாக மின்னும் வகை. ஆண், பெண் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும், பெண்ணுக்குப் பளபளப்பு சற்று மங்கல். குஞ்சாக இருக்கும்போது உடல் பழுப்பு, கண் கறுப்பு. வளர்ந்தபின்தான் கண் மஞ்சளாகும்.

இதன் குரல் துருப்பிடித்த கீல் திறக்கும் ஓசை. மார்ச் மாதத்தில் அது கேட்டுவிட்டால் குளிர்காலம் முடிந்தது என்று எங்கள் வீட்டில் பொருள். எனக்கு அது மிகவும் பிடித்த ஓசை.

நிலவன் (ஒர்லாண்டோ, ஃபுளோரிடா), ஏப்ரல் 10

மூன்றாவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: படகுவால் கிராக்கிள், குவிஸ்காலஸ் மேஜர். அட்லாண்டிக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாக் கரையிலும் உவர் சதுப்புகளை ஒட்டி வாழ்வது. ஃபுளோரிடாவில் மட்டும் உள்நாட்டு ஏரிக்கரைகளிலும் காணலாம். பெருவால் கிராக்கிளோடு மிக நெருங்கிய ஒற்றுமை உண்டு. முன்பு இரண்டையும் ஒரே இனமாகவே வைத்திருந்தார்கள். லூசியானா, டெக்சஸ் கரையில் இரண்டும் ஒரே இடத்தில் வாழ்ந்தும் பெரிதாகக் கலப்பதில்லை என்று 1961இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தக் கரையில் இரண்டையும் பிரித்தறியக் கண்ணைப் பார்த்தால் போதும். பெருவாலுக்கு மஞ்சள், படகுவாலுக்கு அங்கே கருமை. எங்கள் ஃபுளோரிடாப் பறவைகளுக்கும் கருங்கண்தான். அட்லாண்டிக் கரையில் வடக்கே போனால் படகுவாலுக்கும் மஞ்சள் கண் வந்துவிடும்.

தோட்டக்காரன் (மெக்காலன், டெக்சஸ்), ஏப்ரல் 11

அழகைப் பற்றி நிறையப் பேசிவிட்டீர்கள். நான் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் கிரேப்ஃப்ரூட், ஆரஞ்சுத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். இந்தப் பறவை பழத்தின் தோலைக் கொத்தித் தழும்பாக்கிவிட்டுப் போய்விடும். உள்ளே பழம் நன்றாக இருந்தாலும் சந்தையில் அது இரண்டாம் தரம். விதைத்த மக்காச்சோளத்தை முளையோடு பிடுங்கும். கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் உறையைக் கிழித்துத் தின்னும். வீட்டில் தீவனத் தட்டு வைத்தால் சிறு குருவிகளை அண்டவே விடாது. போதாக்குறைக்குப் பிற பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்கிறது. இதை ரசிக்கச் சொல்கிறீர்களா?

கரிசல்வாசி (சான் அன்டோனியோ, டெக்சஸ்), ஏப்ரல் 11

ஐயா, நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. பயிர்ச் சேதத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் உணவுப் பட்டியலை முழுமையாகப் பார்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. குஞ்சு வளர்க்கும் மாதங்களில் இவை பெரும்பாலும் பூச்சி தின்னும் பறவைகள். வெட்டுக்கிளி, வண்டு, புழு, சிலந்தி, நத்தை, தவளை, பல்லி எல்லாம் குஞ்சுகளின் வாய்க்குப் போகின்றன. உழும் டிராக்டருக்குப் பின்னாலேயே நடந்து, புரட்டிய மண்ணில் வெளிப்படும் புழுவையும் சுண்டெலியையும் பொறுக்கும். குளிர்காலத்தில்தான் தானியம் மிகும்.

இவை உணவு தேடும் விதங்களைப் பாருங்கள். ஆழமில்லாத நீரில் இறங்கி நின்று சிறு மீன் பிடிக்கும். ஆமையின் காலில் ஒட்டியிருக்கும் அட்டையைப் பிடுங்கித் தின்னும். ராபின் பறவை பாடுபட்டு இழுத்தெடுத்த மண்புழுவைத் தட்டிப் பறிக்கும். நெடுஞ்சாலையில் ஓடிவந்து நிற்கும் காரின் முகப்பிலும் எண்பலகையிலும் ஒட்டிச் செத்த பூச்சிகளைக் கொத்தித் தின்னும். மீனலோசனி பார்க்கும் கூட்டம் வாகன நிறுத்துமிடத்தை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். சிந்திய உணவு, அடைவதற்கு மரம், இரவில் வெளிச்சம், எதிரி குறைவு என எல்லாம் அங்கே ஒரே இடத்தில் கிடைக்கின்றன.

தேவிகா (நியூ ஜெர்சி), ஏப்ரல் 12

சாதாரண கிராக்கிளுக்கு அலகின் உள்ளே ஒரு கருவியே இருக்கிறது. மேல் அலகின் உட்புறத்தில் கடினமான கூர்முகடு ஒன்று கீழ்நோக்கி நீண்டிருக்கும். ஓக் கொட்டையை அலகில் வைத்துச் சுழற்றிச் சுழற்றி, குறுகிய முனைப் பக்கம் அந்த முகட்டால் கீறிக்கொண்டே வரும். கீறல் சுற்றி முடிந்ததும் ஒரு கடி, ஓடு இரண்டாகும். இலையுதிர் காலத்தில் எங்கள் ஓக் மரத்தடியில் பாதியாகப் பிளந்த ஓடுகள் கிடக்கும். அணில் கடித்ததற்கும் இதற்கும் வேறுபாடு தெரிகிறது. அணில் தாறுமாறாகக் கடித்து வைக்கும்.

தோட்டக்காரன் ஐயாவுக்கு: தீவனத் தட்டில் குசும்பா விதை வையுங்கள். கார்டினல் பறவை தின்னும், கிராக்கிள் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். சூரியகாந்தியும் உடைத்த மக்காச்சோளமும் வைத்தால் முதலில் வருவது கிராக்கிள்தான். கம்பிக்கூண்டு சுற்றிய குழல் தட்டுகளும் கிடைக்கின்றன. சிறு பறவை உள்ளே நுழையும், பெரியது நுழையாது.

தோட்டக்காரன் (மெக்காலன், டெக்சஸ்), ஏப்ரல் 12

தட்டுக்கு இது சரி. அறுபது ஏக்கர் தோட்டத்துக்குக் கூண்டு போட முடியாது அம்மா.

மீனலோசனி (ஆஸ்டின், டெக்சஸ்), ஏப்ரல் 13

கரிசல்வாசி அண்ணா சொன்னபின் பழுப்புப் பறவைகளைக் கவனித்தேன். கூடு கட்டும் வேலை முழுவதும் அவைதான் செய்கின்றன! ஆண் பறவை கிளையில் நின்று இறகைச் சிலிர்த்து, சிறகை நடுக்கி, விதவிதமாகக் கத்திக்கொண்டே இருக்கிறது. இன்னோர் ஆண் பக்கத்தில் வந்தால் இரண்டும் அலகை நேராக வானத்தை நோக்கி நிமிர்த்திக்கொண்டு அசையாமல் நிற்கின்றன. அது என்ன? ஒரு பெண் பக்கத்துக் கூட்டிலிருந்து நீளமான புல்லை உருவிக்கொண்டு போனதையும் பார்த்தேன்.

கரிசல்வாசி (சான் அன்டோனியோ, டெக்சஸ்), ஏப்ரல் 13

நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். அலகை நிமிர்த்துவது ஆண்களுக்கிடையே எச்சரிக்கை. பெரும்பாலும் சண்டையில்லாமல் அதிலேயே முடிந்துவிடும். ஒரு மரத்தையோ சில மரங்களையோ ஓர் ஆண் தன் எல்லையாக்கிக் காக்கும். அதற்குள் பல பெண்கள் கூடு கட்டும். காவலைத் தவிர ஆணுக்கு வேறு பொறுப்பு இல்லை. இடம் தேர்வது, கட்டுவது, அடைகாப்பது, ஊட்டுவது எல்லாம் பெண்.

கூடு ஆழமான கிண்ணம். வெளிப்புறம் புல், களை, சம்பு, கோரை. நகரத்தில் பிளாஸ்டிக் கீற்று, நாடா, நூல் என்று கிடைத்ததெல்லாம் சேரும். உட்குழியைச் சேற்றாலோ மாட்டுச் சாணத்தாலோ பூசி, அதன்மேல் மெல்லிய புல்லைப் பரப்பும். பெண்கள் ஒன்றன் கூட்டிலிருந்து ஒன்று பொருள் திருடுவது இந்த இனத்தில் வழக்கமானது. நீங்கள் பார்த்தது அதுதான். நகரத்தில் உயரமான மரத்தில் கட்டுவதே சதுப்பில் என்றால் நீருக்குச் சற்று மேலே சம்புத் தண்டுகளுக்கிடையே கட்டும்.

முட்டை பார்க்க வாய்த்தால் அது ஒரு பேறு. பளிச்சென்ற நீலத்திலிருந்து வெளிர் நீலச் சாம்பல் வரை நிறம், மேலே கறுப்பு மையால் கிறுக்கிய கோடுகள். பொதுவாக மூன்று நான்கு இருக்கும். 13, 14 நாள் அடைகாத்தபின் பொரிக்கும். குஞ்சுகள் கூட்டை விட்டு வெளிவர அதன்பின் இரண்டு மூன்று வாரம் ஆகும். வெளியே வந்தபின்னும் தாய்தான் ஊட்டுகிறது.

தேவிகா (நியூ ஜெர்சி), ஏப்ரல் 14

சாதாரண கிராக்கிள் எங்கள் பக்கம் உயரமான ஊசியிலை மரங்களைத்தான் விரும்புகிறது. பல இணைகள் அடுத்தடுத்துக் கட்டும். பெண் பாதி கட்டிவிட்டு மனம் மாறி வேறிடம் போவதும் உண்டு. ஆண் தொடக்கத்தில் கூடவே இருக்கும். அடைகாக்கும் காலத்தில் ஏறக்குறைய பாதி ஆண்கள் விட்டுப் போய்விடுகின்றன. மீதிப் பாதி குஞ்சுக்கு ஊட்டவும் உதவும். மீன்கொத்திப் பருந்தான ஆஸ்ப்ரேயின் பெரிய சுள்ளிக் கூட்டின் இடுக்குகளிலும் இது கூடு வைக்கும். கீழ்த்தளத்தில் குடியிருப்பவரை ஆஸ்ப்ரே பொருட்படுத்துவதில்லை, அதற்கு வேண்டியது மீன்.

நிலவன் (ஒர்லாண்டோ, ஃபுளோரிடா), ஏப்ரல் 14

படகுவாலில் பெண்கள் நெருக்கமாகச் சேர்ந்து கட்டும். சுற்றிலும் நீர் இருக்கும் இடமாகப் பார்த்துத் தேர்வதால் நில விலங்குகள் எளிதில் அணுக முடியாது. ஆண்கள் அந்தக் குடியிருப்புக்காக மோதி, ஒன்று தலைமை பெறும். கூடல்களில் 87 விழுக்காடு வரை அந்தத் தலைமை ஆணுக்கே கிடைக்கிறது. ஆனால் மரபணுச் சோதனை செய்து பார்த்தபோது, குடியிருப்பின் குஞ்சுகளில் கால்பங்குக்குத்தான் அது தகப்பன் என்று தெரிந்தது. பெண்கள் குடியிருப்புக்கு வெளியே போகும்போது மற்ற ஆண்களோடும் சேர்கின்றன.

முல்லைவனம் (டொராண்டோ), ஏப்ரல் 15

ஒரு கேள்வி. நம் ஊரில் காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடுவதுபோல இவற்றை ஏமாற்றும் பறவை உண்டா?

கரிசல்வாசி (சான் அன்டோனியோ, டெக்சஸ்), ஏப்ரல் 15

அமெரிக்காவில் அந்தத் தொழில் கௌபேர்டுக்கு. அதுவும் கிராக்கிளின் குடும்பம்தான். ஆனால் பெருவால் கிராக்கிளிடம் அது எடுபடுவதில்லை. கௌபேர்ட் முட்டையைப்போல் செய்த போலி முட்டைகளைக் கூட்டில் வைத்துப் பார்த்தார்கள். தாய் அவற்றை அடையாளம் கண்டு வெளியே எறிந்துவிட்டது.

அறிவு பற்றி இன்னொன்று. குடத்தில் கல் போட்டுத் தண்ணீரை மேலே கொண்டுவந்த காக்கைக் கதை நாம் எல்லோரும் அறிந்தது. கொரினா லோகன் என்ற ஆய்வாளர் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் பெருவால் கிராக்கிள்களைப் பிடித்து அதே சோதனையை வைத்தார். 2016இல் முடிவுகள் வெளியாயின. கல் போடும் செயலுக்கு முதலில் பழக்க வேண்டியிருந்தது. பழகியபின் நீர்க்குழாயில் பொருள்களைப் போட்டு மிதக்கும் உணவை எட்டின. இலேசானதைவிட, நீரை அதிகம் உயர்த்தும் கனமான பொருளை அதிகம் தேர்ந்தெடுத்தன. பொன்னிறக் குழாயில் உணவு என்று கற்றபின் அதை வெள்ளிநிறக் குழாய்க்கு மாற்றினால், பழையதை விட்டுப் புதியதை விரைவில் கற்றன. புது ஊர்களுக்குப் பரவ இந்தக் குணம் உதவுகிறதா என்பதுதான் அந்த ஆய்வின் அடிப்படைக் கேள்வி. 1900 வாக்கில் இவற்றின் வட எல்லை தெற்கு டெக்சஸ். இன்று கலிஃபோர்னியா, நெவாடா, கான்சாஸ் என்று பரவியிருக்கின்றன. பாசன வயலும் நகரப் பூங்காவும் பெருகிய வழியே இவையும் வந்தன.

யாழ்மொழி (மெக்சிகோ நகரம்), ஏப்ரல் 16

இங்கே இதன் பெயர் சனாத்தே. இந்த நகரத்துக்கு இது வந்த கதை ஐந்நூறு ஆண்டுப் பழமை. 1486 முதல் 1502 வரை ஆண்ட அஸ்டெக் மன்னன் அவிட்சோட்ல், வளைகுடாப் பக்கத்து நாடுகளிலிருந்து இந்தப் பறவைகளைக் கொண்டுவந்து தன் தலைநகரில் விட்டதாக, பெர்னார்டினோ தெ சாகுன் என்ற ஸ்பானியத் துறவி 16ஆம் நூற்றாண்டில் பதிவு செய்திருக்கிறார். உணவிட்டு வளர்த்தார்கள். அவற்றின்மேல் கல்லெறியக் கூடாது என்று மக்கள் ஒருவரையொருவர் கண்டித்தார்கள். பெருகிப் பரவியபின் அந்த மரியாதை போயிற்று.

இன்னொரு செய்தியையும் வருத்தத்தோடு சொல்கிறேன். இதே நகரைச் சூழ்ந்த சதுப்புகளில், லெர்மா ஆற்றுப் பள்ளத்தாக்கில், மெல்லலகுக் கிராக்கிள் என்று தனி இனம் ஒன்று இருந்தது. சதுப்புகளை வடித்து நிலமாக்கினார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. கிராக்கிளா, அது எங்கும் இருக்கிறதே என்று சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

தேவிகா (நியூ ஜெர்சி), ஏப்ரல் 16

யாழ்மொழி சொன்னதைப் படித்தபின் பேசாமலிருக்க முடியவில்லை. வட அமெரிக்காவில் சாதாரண கிராக்கிள் 1970களில் 19 கோடிக்கும் மேல் இருந்தது. 2007 வாக்கில் அது 7 கோடியை ஒட்டிக் குறைந்துவிட்டதாக, பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆடுபான் சங்கத்தின் கணக்கு சொன்னது. 2018இல் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் இதை அச்சுறுத்தலை நெருங்கிய இனம் என்று பட்டியலில் ஏற்றியது. குளிர்காலத்தில் லட்சக்கணக்கில் ஒன்றாக அடைவதால் குறைவது கண்ணுக்குத் தெரிவதில்லை. கூட்டம் இருக்கிறது, ஆனால் கூட்டங்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது.

1974 முதல் 1992 வரை, பி.ஏ.-14 என்ற சோப்புப் பொருளை இரவில் இவை அடையும் இடங்களில் தெளித்தார்கள். இறகின் எண்ணெய்ப் பசை கரைந்து, குளிரும் மழையும் தாங்காமல் பறவைகள் விறைத்துச் செத்தன. அப்படிக் கொல்லப்பட்ட பிளாக்பேர்டு, கிராக்கிள், ஸ்டார்லிங் எல்லாம் சேர்ந்து கோடிக்கணக்கில். பயிரைக் காப்பாற்ற வேண்டும் என்பதை ஏற்கிறேன். இப்படிச் செய்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

தோட்டக்காரன் (மெக்காலன், டெக்சஸ்), ஏப்ரல் 17

அதை நானும் ஏற்கவில்லை. எங்கள் தோட்டத்தில் யாரும் பறவையைக் கொல்வதில்லை. ஓசை எழுப்பி விரட்டுகிறோம், இடத்தை மாற்றி மாற்றிச் செய்கிறோம். ஒரே இடத்தில் ஒரே ஓசை என்றால் சீக்கிரம் புரிந்துகொள்கிறது. கரிசல்வாசி சொன்ன சோதனை எனக்கு வியப்பாக இல்லை. ஆனால் நகரத்தில் இருப்பவர்கள் விவசாயியின் இழப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதை மீண்டும் சொல்கிறேன்.

நிலவன் (ஒர்லாண்டோ, ஃபுளோரிடா), ஏப்ரல் 17

மீனலோசனி, உங்கள் குடியிருப்புக் குழுவுக்குச் சட்டத்தையும் எடுத்துச் சொல்லுங்கள். 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் உடன்படிக்கைச் சட்டம் கிராக்கிளையும் காக்கிறது. பயிரைச் சேதப்படுத்தும்போதும் உடல்நலத்துக்குக் கேடாகும்போதும் கட்டுப்படுத்த விதிவிலக்கு உண்டு. அதற்கும் முதலில் கொல்லாத வழிகளை முயல வேண்டும். முற்றம் அழுக்காகிறது என்பதற்காக முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டைத் தொட முடியாது. மாநில வனவிலங்குத் துறையிடம் கேட்டபின் எதையும் செய்யச் சொல்லுங்கள்.

எச்சத்தைப் பற்றிய அச்சம் முற்றிலும் பொய்யில்லை. ஆண்டுக்கணக்கில் எச்சம் குவிந்த மண்ணில் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை வளரலாம். அந்தத் தூசியைச் சுவாசித்தால் நுரையீரலைத் தாக்கும். நடைபாதையில் விழுவதை ஈரமாக்கிக் கழுவிவிடுங்கள், உலர்ந்தபின் பெருக்க வேண்டாம்.

மீனலோசனி (ஆஸ்டின், டெக்சஸ்), மே 12

அனைவருக்கும் நன்றி. இழையில் எழுதியவற்றை மொழிபெயர்த்துக் குழுவில் வாசித்தேன். குஞ்சுகள் போகும்வரை மரத்தைத் தொடுவதில்லை, நடைபாதையை நாளும் கழுவுவது என்று முடிவாகியிருக்கிறது. சிலருக்கு மனமில்லை, ஆனாலும் ஒப்புக்கொண்டார்கள்.

இன்று காலை முற்றத்தில் குட்டை வாலோடு பழுப்புக் குஞ்சு ஒன்று தரையில் நின்றுகொண்டிருந்தது. பறக்கத் தெரியவில்லை. எடுத்து மரத்தில் வைக்கலாமா?

கரிசல்வாசி (சான் அன்டோனியோ, டெக்சஸ்), மே 12

உடல் முழுக்க இறகு முளைத்திருந்தால் அது கூட்டை விட்டு வெளிவந்த பருவம். எடுக்க வேண்டாம். தாய் அருகில்தான் இருக்கும், தரையிலேயே வந்து ஊட்டும். பூனைகளை மட்டும் சில நாள் வீட்டுக்குள் வைத்திருக்கச் சொல்லுங்கள். நீங்களும் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். குஞ்சை நெருங்குகிறவர்களின் தலையைத் தாய் குறிவைத்துப் பாயும்.